அடுப்புப் புகையும் வயிற்றில் வளரும் பிள்ளையும்



பருத்திமார், கருவேல விறகு, எருவாட்டி எரியும் அடுப்படிகள் நம் உசிலம்பட்டி வட்டாரத்தில் இன்றும் உண்டு. "எங்க அப்பத்தா காலத்திலேயிருந்து இப்படித்தானே சமைக்கிறோம், புகை என்ன பண்ணிடும்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

புகையில் என்ன இருக்கிறது?

தலைமுடியின் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கே உள்ள நுண்துகள்கள் இருக்கின்றன. இவை நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவும் உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தாய்க்குப் பிராணவாயு குறைந்தால் கருவிலிருக்கும் பிள்ளைக்கும் குறையும்.

நம் தமிழ்நாட்டில் கண்டது

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிறந்த 11,728 குழந்தைகளைக் கவனித்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியாயிற்று. விறகும் சாணமும் எரித்த வீடுகளில், பிள்ளை இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் அபாயம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருந்தது. மூச்சு நோயும் கூடுதலாக இருந்தது.

"எங்க வீட்டுலதான் கேஸ் இருக்கே!"

நல்லது. ஆனால் காபிக்கும் விருந்தாளிக்கும் மட்டும் கேஸ், சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகு என்றால் புகை வீட்டை விட்டுப் போகவில்லை.

கணவன்மார் கவனத்திற்கு

சிலிண்டருக்குக் காசு எடுத்துத் தருவது பெரும்பாலும் நீங்கள்தான். மனைவி கர்ப்பமாக இருக்கும்போதும், வீட்டில் கைக்குழந்தை இருக்கும்போதும் சோறும் குழம்பும் கேஸிலேயே ஆகட்டும். வெந்நீர் அடுப்பை வெளியே போட்டு நீங்களே மூட்டுங்கள். வீட்டுக்குள் பீடி பிடிக்காதீர்கள்.

கேஸ் இல்லாதவர்களுக்கு

பெண்கள் பெயரில் டெபாசிட் இல்லாமல் இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் 2016-ல் தொடங்கியது. உங்களுக்குக் கிடைக்குமா என்று கேஸ் ஏஜென்சியில் விசாரியுங்கள். அதுவரை:

1. மழையில்லாத நாளில் அடுப்பை வெளியே வையுங்கள்.
2. உள்ளே சமைத்தால் கதவு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். புகை வெளியேற வழி செய்யுங்கள்.
3. நன்றாகக் காய்ந்த விறகையே எரியுங்கள்.
4. பருப்பை ஊற வையுங்கள், பானையை மூடி வேகவிடுங்கள். அடுப்பு எரியும் நேரம் குறையும்.
5. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊதாதீர்கள்.

இவை புகையைக் குறைக்கும், அடியோடு ஒழிக்காது.

குழந்தை வேகவேகமாக மூச்சு விட்டாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குழி விழுந்தாலோ கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

பிள்ளைக்குச் சத்தான சோறு போடுகிறோம். சுத்தமான காற்றையும் சேர்த்துக் கொடுப்போம்!