பழைய லாரிக்குப் பின் ஆக்சில் பல் மாற்றப் போகிறீர்களா? சேற்றைப் பார்க்காதீர்கள், சாலையைப் பாருங்கள்!

தொட்டியம் பகுதியில் வாழை பயிரிடும் விவசாயி ஒருவரிடம் அப்பா காலத்து லாரி ஒன்று இன்னும் ஓட்டத்தில் இருக்கிறது. சொந்தத் தோட்டத்துத் தாரோடு அக்கம்பக்கத்துத் தார்களையும் ஏற்றிக்கொண்டு சென்னைச் சந்தைக்குப் போய்வரும் வண்டி அது. ஒரு மழை நாளில், தாரை வயலிலேயே ஏற்றிவிடலாம் என்று உள்ளே இறக்க, பின் சக்கரம் புதைந்துவிட்டது. டிராக்டர் கட்டி இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில் பின் ஆக்சிலில் சத்தமும் கேட்டது. ஒர்க் ஷாப்பில், "கிரவுனும் பினியனும் தேய்ந்துவிட்டன. மாற்றும்போதே இழுவை கூடுதலான செட்டாகப் போட்டுவிடலாம். சேற்றிலும் ஏறிவிடும்" என்றார்கள். 41/7 இருந்த இடத்தில் 41/6 ஏறியது. அடுத்த மழையிலும் வண்டி புதைந்தது. சென்னைப் பயணம் மட்டும் முன்பைவிட நீண்டுவிட்டது. செலவு செய்தும் சேறு விடவில்லை. சந்தை நேரமும் தவறியது.

பல் கணக்கு இதுதான்

பினியன் சிறிய பல் சக்கரம். எஞ்சினிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் அதைச் சுற்றுகிறது. அது கிரவுன் என்ற பெரிய பல் சக்கரத்தைச் சுற்றுகிறது. கிரவுனில் 41 பல், பினியனில் 6 பல் என்றால், ஷாஃப்ட் 6.83 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். பினியனில் 7 பல் என்றால் 5.86 சுற்றே போதும். முதலாவதில் இழுவை அதிகம், வேகம் குறைவு. இரண்டாவதில் வேகம் அதிகம், இழுவை குறைவு. இரண்டும் ஒருசேரக் கிடைக்காது.

பழைய ஐந்து கியர் லாரிகள் பலவற்றில், டாப் கியரில் எஞ்சின் வேகமும் ஷாஃப்ட் வேகமும் ஒன்றே. 9.00-20 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 3.1 மீட்டர் உருளும். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது, 41/6 போட்ட வண்டி மணிக்குச் சுமார் 54 கி.மீ. போகும். 41/7 போட்ட வண்டி சுமார் 63 கி.மீ. போகும். திருச்சியிலிருந்து சென்னை சுமார் 330 கி.மீ. எஞ்சினை அதே சுற்றில் வைத்து ஓட்டினால், ஒரு பயணத்துக்கே 50 நிமிடம் வித்தியாசம். அந்த நேரத்தை ஈடுகட்ட மிதித்தால் எஞ்சின் 2,300 சுற்றுக்கு மேல் ஓட வேண்டும். டீசலும் தேய்மானமும் கூடும்.

சேற்றில் ஏன் பலிக்கவில்லை?

வண்டியும் சுமையும் சேர்ந்து 10 டன் என்று வைத்துக்கொள்வோம். தார்ச்சாலையில் உருள்வதற்கான தடை சுமார் 100 கிலோ. இளகிய வயலில் அதுவே 1,000 கிலோவைத் தாண்டும். தடை பத்து மடங்கு ஏறும் இடத்தில், 41/6 தரும் கூடுதல் இழுவை ஆறில் ஒரு பங்குதான்.

அதைவிட முக்கியம், ஈர மண்ணில் எஞ்சினுக்குச் சக்தி இல்லாமல் வண்டி நிற்பதில்லை. டயருக்குப் பிடிமானம் இல்லாமல் நிற்கிறது. இழுவையைக் கூட்டினால் சக்கரம் வழுக்கிச் சுற்றி இன்னும் ஆழமாகக் குழி தோண்டும்.

யாருக்கு எது?

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கிருந்து அன்னாசி, மரவள்ளி ஏற்றிக்கொண்டு கீழே வரும் வண்டிக்கு 41/6 பொருத்தம். ஏறும்போது கிடைக்கும் இழுவையைவிட, சுமையோடு இறங்கும்போது எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பலம் பெரிது. பிரேக் சூடேறுவது குறையும். எந்தப் பல் இருந்தாலும், இறக்கத்தில் நியூட்ரலில் விடவே கூடாது.

சமவெளியில் நெடுஞ்சாலைப் பயணமே பெரும்பகுதி என்றால் 41/7 நல்லது. ஆனால் எஞ்சின் பலம் குறைந்து, சிறு மேட்டுக்கே கியர் குறைக்கும் வண்டி என்றால் 41/7-ஆல் லாபம் இல்லை. டாப் கியரில் ஓட முடியாத வண்டிக்கு டாப் கியர் வேகம் எதற்கு?

இப்போது இருப்பது எது?

ஹவுசிங்கைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கும் தரையில் இருக்கப்போகும் பின் சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். பின்பக்கம் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டு கொடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஷாஃப்டிலும் டயரிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் ஏழு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் 41/6. ஆறுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் 41/7.

மாற்றும்போது கவனிக்க...

* கிரவுனையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்றோடொன்று உரசிப் பதம் பார்த்துத் தயாரிப்பவை அவை. இரண்டிலும் பொறித்த ஜோடி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.
* பழைய சாமான் கடையில் வாங்கினால், பல் நுனி உடைந்ததையும் ஒருபக்கம் தேய்ந்ததையும் ஒதுக்குங்கள்.
* பொருத்திய பின், பல்லில் சாயம் தடவிச் சுற்றி, பதிவு பல்லின் நடுவில் விழுகிறதா என்று மெக்கானிக்கைக் காட்டச் சொல்லுங்கள். பல் இடைவெளி சரியில்லாவிட்டால் புது செட்டும் சீக்கிரம் போய்விடும்.
* வண்டிக் கையேட்டில் சொன்ன கியர் ஆயிலையே ஊற்றுங்கள்.
* ஸ்பீடோமீட்டர் கியர் பாக்ஸிலிருந்து ஓடும் வண்டியில், 41/6-ஐ 41/7 ஆக்கினால் முள் 60 காட்டும்போது உண்மை வேகம் 70. அதைத் திருத்தாமல் சாலையில் ஏற்றாதீர்கள்.
* உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளரே கொடுத்த விகிதமா என்று பார்த்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொட்டியம் விவசாயி இப்போது மழைக்காலத்தில் லாரியைச் சாலையோரம் நிறுத்திவிடுகிறார். தார்கள் தலைச்சுமையாகவும் சிறிய டிரெய்லரிலும் சாலைக்கு வருகின்றன. ஆள் கூலி கொஞ்சம் கூடுகிறது. ஆனால் ஈரவயலில் லாரிச் சக்கரம் ஏறினால் அடிமண் இறுகி, தண்ணீர் தேங்கி, அடுத்த பயிரின் வேர் கீழே இறங்காது. அந்த நட்டத்துக்கு எந்த ஒர்க் ஷாப்பிலும் ஸ்பேர் கிடையாது. கிரவுன் அடுத்த முறை தேயும்போது மறுபடி 41/7-க்கே திரும்புவது என்று முடிவு செய்திருக்கிறார்.