முன்னோக்கிச் சாய்ந்த இறக்கை

ஜெட் விமானம் ஒன்றை வரையச் சொன்னால் எப்படி வரைவீர்கள்? இறக்கைகள் இரண்டும் வாலை நோக்கிப் பின்புறமாகச் சாய்ந்திருக்கும்படிதானே? 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் முதன்முறையாகப் பறந்த ஒரு சிறு ஜெட் விமானத்தில் இது நேர்மாறாக இருந்தது. அதன் இறக்கைகள் மூக்கை நோக்கி 15 பாகை சாய்ந்திருந்தன. எச்.எஃப்.பி. 320 ஹன்ஸா ஜெட் என்பது அதன் பெயர். நிறுவன அதிகாரிகள் நினைத்த நேரத்தில் பறந்து செல்வதற்காக உருவான வணிக ஜெட்டுகளில் முதல் தலைமுறையைச் சேர்ந்தது அது.

வேடிக்கைக்காகவா இப்படிச் செய்தார்கள்? இல்லை. உள்ளே இருப்பவர்கள் நிமிர்ந்து நடக்க வேண்டும் என்பதற்காக!

வீட்டுக் கூரையைத் தாங்கும் உத்தரத்தைப் பார்த்திருப்பீர்கள். விமானத்திலும் இரண்டு இறக்கைகளையும் இணைக்கும் வலுவான உத்தரம் ஒன்று உடலின் குறுக்கே செல்கிறது. பறக்கும்போது விமானத்தின் எடை முழுவதும் அதில்தான் தொங்குகிறது. பெரிய விமானத்தில் இது தரைக்கு அடியில் மறைந்துவிடும். சிறு விமானத்தின் ஒடுங்கிய உடலில் அதற்கு ஏது இடம்? தரைக்கு அடியில் வைத்தால் தரை உயர்ந்து தலை இடிக்கும். நடுவில் வைத்தால் வழியை மறிக்கும்.

வடிவமைப்பாளர் ஹான்ஸ் வோக்கே இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல் பறந்த யுங்கர்ஸ் 287 குண்டுவீச்சு விமானத்திலேயே முன்சாய்ந்த இறக்கையைப் பொருத்திப் பார்த்தவர் அவர். இறக்கைகளின் தூக்குவிசை விமானத்தின் ஈர்ப்பு மையத்துக்கு அருகே செயல்பட வேண்டும். அந்த இடத்தை இஷ்டப்படி மாற்ற முடியாது. ஆனால் இறக்கையைச் சாய்த்தால், அது உடலோடு சேரும் அடிப்பகுதி நகர்கிறது அல்லவா? பின்புறம் சாய்த்தால் அடி முன்னே வருகிறது. முன்புறம் சாய்த்தால் பின்னே போகிறது. ஹன்ஸா ஜெட்டில் உத்தரம் பயணிகள் அறைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டது. அறையின் உயரம் ஏறத்தாழ 1.75 மீட்டர். அதே காலத்து அமெரிக்க லியர்ஜெட் 23இல் 1.3 மீட்டர்தான். அதில் குனிந்துதான் போக வேண்டும்!

அதிவேகத்தில் காற்றின் தடையைக் குறைக்க, இறக்கை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பலன் உண்டு. பிறகு ஏன் எல்லோரும் முன்புறம் சாய்க்கவில்லை?

தூக்குவிசையால் இறக்கையின் நுனி சற்றே மேலே வளையும். பின்சாய்ந்த இறக்கை அப்படி வளையும்போது அதன் முன்விளிம்பு தாழ்கிறது, தூக்குவிசை குறைகிறது, ஆபத்து இல்லை. முன்சாய்ந்த இறக்கையிலோ முன்விளிம்பு உயர்கிறது. அதனால் தூக்குவிசை கூடும். கூடியதால் மேலும் வளையும். வளைந்ததால் இன்னும் கூடும். வட்டிக்கு வட்டி ஏறுவதுபோலத்தான். வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் இறக்கை முறிந்தே போகும். இதைத் தடுக்க இறக்கையை மிக விறைப்பாகக் கட்ட வேண்டும். உலோகத்தில் அப்படிக் கட்டினால் எடை கூடும். சாய்வை 15 பாகையோடு நிறுத்திக்கொண்டதன் பொருள் இப்போது விளங்குகிறதா?

ஆனால் விபத்து வேறொரு திசையிலிருந்து வந்தது. ஹன்ஸா ஜெட்டின் கிடைவால், செங்குத்து வாலின் உச்சியில் 'டி' என்ற ஆங்கில எழுத்தைப்போல் அமைந்தது. வேகம் மிகக் குறைந்து மூக்கு அளவுக்கு மேல் உயர்ந்தால், இறக்கையிலிருந்து கலங்கி வரும் காற்று இந்த வாலை மூடிக்கொள்ளும். பிறகு விமானி என்ன செய்தாலும் மூக்கு தாழாது. 1965 மே 12ஆம் நாள் ஸ்பெயினில் நடந்த சோதனையின்போது முதல் மாதிரி விமானம் இப்படித்தான் விழுந்தது. சோதனை விமானி டேவிஸ் உயிரிழந்தார். அதன்பின், ஆபத்து நெருங்கும்போது கட்டுப்பாட்டுத் தண்டை அதிரச் செய்து எச்சரித்து, தானே அதை முன்னே தள்ளும் கருவிகள் சேர்க்கப்பட்டன.

விற்பனை சோபிக்கவில்லை. அதன் எஞ்சின்கள் எரிபொருளை ஏராளமாகக் குடித்தன, இரைச்சலும் அதிகம். பிரான்சின் மிஸ்டேர் 20 போன்ற போட்டி விமானங்களில் சிக்கனமான டர்போஃபேன் எஞ்சின்கள் இருந்தன. மொத்தம் 47 ஹன்ஸா ஜெட்டுகளே கட்டப்பட்டன. அவற்றில் பலவற்றை ஜெர்மன் விமானப்படை பயன்படுத்தியது.

1984இல் அமெரிக்காவில் எக்ஸ்-29 என்ற ஆராய்ச்சி விமானம் 33 பாகை முன்சாய்வோடு பறந்தது. அதன் இறக்கையின் மேல்தோலில் கார்பன் இழைகளைத் தக்க கோணத்தில் அடுக்கி, வளையும்போது முன்விளிம்பு உயராதபடி செய்திருந்தார்கள். வோக்கேயின் கையில் இருந்ததோ வெறும் அலுமினியம்.