பைக்குள் அடங்கும் றிவோல்வர்

1963ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க ஜனாதிபதி கெனடியைச் சுட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒஸ்வால்டு என்பவனை, டல்லஸ் நகரப் பொலிஸ் தலைமையகத்தின் நிலவறை வழியே அழைத்துச் சென்றனர். சுற்றிலும் பொலிஸ் உத்தியோகத்தர்களும் பத்திரிகையாளரும் நெருக்கியடித்து நின்றனர். அக்கூட்டத்திலிருந்து முன்னே பாய்ந்த ஜாக் ரூபி என்பவன் ஒரே வெடியில் அவனை வீழ்த்தினான். அவன் கையில் இருந்தது 'கோல்ட் கோப்றா' என்னும் சிறிய றிவோல்வர். அத்தனை காவலர் நடுவிலும், அது அவனிடம் இருந்ததை ஒருவரும் அறிந்திலர்.

கண்ணிற் படாமல் இருக்கும் இவ்வியல்புக்காகவே அமெரிக்கர் பலர் இவ்வகை றிவோல்வரை இன்றும் வாங்குகின்றனர். கைத்துவக்கை வீட்டுக்கு வெளியே கொண்டுசெல்லும் உரிமையை அரசியலமைப்புப் பாதுகாக்கின்றது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022ஆம் ஆண்டிற் தீர்ப்பளித்தது. ஐம்பது மாநிலங்களுள் பாதிக்கு மேற்பட்டவற்றில், அதற்குத் தனியான அனுமதிப்பத்திரமும் இன்று வேண்டுவதில்லை. ஆகவே, பணப்பை எது, கைக்கடிகாரம் எது என்று தேர்வது போல, பையில் வைக்கும் றிவோல்வர் எது என்று தேர்வதும் அங்கு ஒரு குடும்பக் காரியமாகி விட்டது. அனுமதிப்பத்திரமின்றித் துவக்கைத் தொடவும் அஞ்சும் நமக்கு இது விநோதமாகத் தோன்றலாம். எனினும், அவர்கள் எவற்றைச் சீர்தூக்கிப் பார்க்கின்றனர் என்பதை அறிவதில் நமக்கும் பயனுண்டு.

காவலர்க்கெனப் பிறந்தது

கோல்ட் நிறுவனம் 1927ஆம் ஆண்டில், இரண்டு அங்குலக் குழலும் ஆறு ரவைகளும் கொண்ட 'டிற்றெக்டிவ் ஸ்பெஷல்' என்னும் றிவோல்வரை வெளியிட்டது. சாதாரண உடையிற் திரியும் துப்பறிவோருக்கு அது பெரிதும் உதவிற்று. 1950ஆம் ஆண்டில் சிமித் அன்ட் வெஸ்ஸன் நிறுவனத்தார், ஐந்து ரவைகளே கொள்ளும் இன்னும் சிறியதொன்றைச் செய்து, கொலறாடோ ஸ்பிறிங்ஸ் நகரிற் கூடிய பொலிஸ் அதிபர்களின் மாநாட்டிற் காட்டினர். 'சீவ்ஸ் ஸ்பெஷல்', அதாவது 'அதிபர்களின் சிறப்பு', என்னும் பெயர் அங்கேயே அதற்குச் சூட்டப்பட்டது. ஒரு ரவையைக் குறைத்தமையால் சுழலும் உருளை சிறுத்தது. பையிலும் இலகுவில் அடங்கிற்று. இன்று விற்பனையாகும் சிறு றிவோல்வர்களுட் பல, இவ்வமைப்பின் வழிவந்தவையே.

எடையும் உதையும்

வாங்கச் செல்வோர் முதலிற் பார்ப்பது எடையை. உருக்கினாற் செய்தது ஏறத்தாழ 550 கிராம் நிறையுடையது. அலுமினியச் சட்டகம் கொண்டது 400 கிராமளவில் நிற்கும். அருமையான உலோகங்கள் சேர்ந்தவை 350 கிராமுக்கும் குறைவு. நாள் முழுவதும் காற்சட்டைப் பையிற் சுமப்பவருக்கு எடை குறைவது சுகமே. ஆனால், துவக்கின் எடை குறையக் குறைய அதன் உதை கூடும். கடையில் இறகுபோலத் தோன்றியது, சுடுமிடத்தில் ஐந்து வெடி தீருமுன் உள்ளங்கையை நோகச் செய்துவிடும். நோவுக்கு அஞ்சுபவர் பயிற்சியைக் கைவிடுவார். பயிற்சி இல்லாதவர் கையில் அக்கருவி பயன் தராது. எனவே, சுமக்கக்கூடிய அளவில் சற்றுக் கனமானதையே தேர்க என அனுபவமுள்ளோர் புத்தி கூறுவர். கைப்பலம் குறைந்த முதியோர் '22' எனப்படும் சிறு ரவையை நாடுவதுண்டு. அதன் உதை மெல்லியது. ஆயினும் அவ்வகை ரவைகள் வெடிக்கத் தவறுவது சற்று அதிகம்.

குதிரையும் விசையும்

அடுத்தது குதிரை. பின்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குதிரை, அவசரத்தில் இழுக்கும்போது பையின் துணியிற் சிக்கும். ஆகையால், குதிரையை உள்ளே மறைத்த அமைப்பே பைக்கு உகந்தது. 1952ஆம் ஆண்டின் 'சென்ரெனியல்' இவ்வகையினது.

விசையை இழுப்பதற்கு ஏறத்தாழ ஐந்து கிலோ எடையைத் தூக்கும் பலம் வேண்டும். 400 கிராம் நிறையுள்ள பொருளை அசையாது பிடித்தபடி, அதனிலும் பன்னிரு மடங்கு வலுவோடு விசையை இழுப்பது எளிதன்று. குழலும் குறுகியது; குறிபார்க்கும் முனையும் சிறியது. புதியவருக்கென எண்ணி மிகச் சிறியதை வாங்கிக் கொடுப்போர் பலர். உண்மையில் அது கைதேர்ந்தவர்க்கே வசப்படும்.

பையும் உறையும்

விசையை முற்றாக மூடும் உறையின்றி எக்கைத்துவக்கையும் பையில் இடலாகாது. அப்பையில் திறப்போ நாணயமோ வேறெதுவுமோ இருத்தல் ஆகாது. துணித்தூசி படியுமாதலால் அடிக்கடி துடைத்தலும் வேண்டும். நிற்கும்போது இலகுவில் வெளிவருவது, வண்டியில் அமர்ந்திருக்கும்போது வராது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

கைப்பையில் வைப்பது இன்னும் அபாயமானது. 2014ஆம் ஆண்டு டிசெம்பர் மாத இறுதியில், ஐடாஹோ மாநிலத்துக் கடையொன்றில், பொருள் வாங்க வந்த இளந்தாயின் கைப்பையை அவளுடைய இரண்டு வயதுக் குழந்தை துழாவிற்று. உள்ளே இருந்த கைத்துவக்கு வெடித்தது. தாய் அவ்விடத்திலேயே உயிர்நீத்தாள். தன்னையும் பிள்ளையையும் காக்கவென்று அவள் சுமந்த பொருள் அது.

வாங்குமுன் ஒரு கேள்வி

அமெரிக்காவில் துவக்கினால் நேரும் மரணங்களுட் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள். 2020ஆம் ஆண்டு முதல், அந்நாட்டுச் சிறுவர்களினதும் பதின்பருவத்தினரதும் மரணத்துக்கு முதற்காரணமாகவும் துவக்கே விளங்கியுள்ளது. ஆதலின், எந்த றிவோல்வர் என்று கேட்குமுன், இரவில் அது எங்கே இருக்கும், பூட்டின் திறப்பு யாரிடம் இருக்கும், வீட்டில் மனமுடைந்தோர் எவரேனும் உளரா என்று கேட்பதே முறை.

கடல் கடந்து அந்நாட்டிற் குடியேறிய நம்மவர் குடும்பங்களும் உள. அயலவர் வாங்கினார் என்பதற்காகத் தாமும் வாங்க எண்ணுவோர், இக்கேள்விகளுக்கு முதலில் மனைவியோடும் கணவனோடும் அமர்ந்து விடை காண்பாராக. விடை திருப்தியாக அமையாவிடின், பை வெறுமையாய் இருப்பதே நன்று.