பாடலுக்கு உரியவர் யார்?

மஹய்யாவயில் ஒரு திருமண வீடோ, கோயில் திருவிழாவோ நடைபெற்றால் அங்கு ஒலிக்கும் பாட்டும் தப்பும் மறுநாட் காலைக்குள் எவரோ ஒருவரின் கையடக்கத் தொலைபேசி வழியாக யூடியூபில் ஏறிவிடுகின்றன. பலர் கேட்டு மகிழ்கின்றனர். விளம்பர வருவாய் ஏதேனும் கிடைத்தால் அது பதிவேற்றியவரையே சேர்கின்றது. பாடியவரின் பெயர்கூடப் பல வேளைகளில் இடம்பெறுவதில்லை. கண்டி நகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த தமிழ், முஸ்லிம் கலைஞர்களுக்கு இது புதிய அனுபவமன்று. ஆனால், இது சட்டத்திற்கு உடன்பாடானதா என்ற கேள்வியை நாம் போதியளவு எழுப்பியதில்லை.

இலங்கையில் இவ்விடயத்தை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமாகும். 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டக்கோவைக்குப் பதிலாக இது கொண்டுவரப்பட்டது. ஒரு பாடலோ கதையோ உருவான கணத்திலேயே அதற்குப் பாதுகாப்புக் கிடைத்துவிடுகின்றது. பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் கிடையாது. அப்பாதுகாப்பு படைப்பாளியின் ஆயுட்காலம் முழுவதும், அவர் மறைந்த பின்னர் மேலும் 70 ஆண்டுகளும் நீடிக்கின்றது.

இதனை நமது மண்ணின் இரு படைப்பாளிகளைக் கொண்டு விளக்கலாம். கண்டியில் பிறந்து, 'அசன்பேயுடைய கதை'யை எழுதிய அறிஞர் சித்திலெப்பை 1898இல் காலமானார். அவரது நூல்கள் இன்று அனைவருக்கும் பொதுவானவை. மலையக மக்களின் பாடல்களைத் திரட்டித் தந்த சி. வி. வேலுப்பிள்ளை 1984இல் மறைந்தார். அவரது எழுத்துகளுக்கு 2054ஆம் ஆண்டு வரை உரிமை உண்டு.

பாடல் என்று வரும்போது உரிமையாளர் ஒருவர் மட்டுமல்லர். வரிகளை எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், ஒலிப்பதிவைத் தயாரித்தவர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனி உரிமை உண்டு. பாட்டும் மெட்டும் தம்முடையவை அல்லாவிடினும், தமது அரங்கேற்றத்தைப் பதிவு செய்து பொதுமக்களுக்கு வழங்குவதற்கு இணங்கவோ மறுக்கவோ கலைஞருக்கு உரிமை இருக்கின்றது. அதற்கு 50 ஆண்டுகாலப் பாதுகாப்பும் உண்டு.

தமிழகத்தில் இவ்வுரிமை தொடர்பான பிணக்குகள் பலமுறை நீதிமன்றம் வரை சென்றுள்ளன. தமது பாடல்களை அனுமதியின்றி மேடைகளில் பாடக்கூடாதெனக் கோரி, 2017இல் எஸ். பி. பாலசுப்பிரமணியத்திற்கே இளையராஜா தரப்பிலிருந்து சட்ட அறிவித்தல் அனுப்பப்பட்டது. 2025 செப்டெம்பரில், 'குட் பேட் அக்லி' திரைப்படத்தில் அவரது பாடல்களைப் பயன்படுத்துவதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பெயரும் வசதியும் படைத்தவர்களால் வழக்காட முடிகின்றது. மஹய்யாவயின் தப்புக் கலைஞர் என்ன செய்வார்?

சட்டம் அவரைக் கைவிட்டுவிடவில்லை. வேண்டுமென்றே உரிமையை மீறுபவருக்கு நீதவான் ஆறு மாதங்கள் வரையிலான சிறைத்தண்டனையோ, ஐந்து இலட்சம் ரூபா வரையிலான தண்டப்பணமோ, இரண்டுமோ விதிக்கலாம். மீண்டும் குற்றமிழைத்தால் தண்டனை இரட்டிப்பாகும். எனினும் நட்டஈடு கோரி வழக்காடுவதாயின் கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்தையே நாட வேண்டியுள்ளது. நாட்கூலியில் வாழும் கலைஞருக்குப் பயணச் செலவே பெருஞ்சுமையாகும். ஏட்டிலுள்ள உரிமை அவரது கைக்கு எட்டாமற் போவது இவ்விடத்திலேதான்.

இன்னொரு குறையும் உண்டு. உரிமையைக் கைமாற்றுவதாயின் அது எழுத்தில், கையொப்பத்துடன் அமைய வேண்டும் என்பது சட்டம். நமது கலைஞர்களோ வாய்ப்பேச்சை நம்பியே ஒலிப்பதிவுக் கூடத்திற்குச் செல்கின்றனர். பின்னர் பிணக்கு எழும்போது காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் அவர்களிடம் இருப்பதில்லை.

தாலாட்டு, ஒப்பாரி, காமன் கூத்து, பக்கீர் பைத்து போன்றவை தனியொருவரின் சொத்தல்ல. ஆயினும் அவை கேட்பாரற்றவை என எண்ணுவது தவறாகும். நாட்டார் கலை வெளிப்பாடுகளை அவற்றின் மரபுச் சூழலுக்கு வெளியே வர்த்தக நோக்கில் பயன்படுத்துவதற்கு அனுமதி பெற வேண்டும் எனவும், அவை எந்தச் சமூகத்திற்கு அல்லது எந்த இடத்திற்கு உரியவை என்பதைக் குறிப்பிட வேண்டும் எனவும் இதே சட்டம் கூறுகின்றது. நமது மூதாட்டிகளின் பாடல்களை எடுத்தாள்வோர் இந்த ஏற்பாட்டை நினைவிற் கொள்வது நன்று.

மறுபுறத்தில், பதிப்புரிமை என்பது அறிவுக்குப் போடப்பட்ட பூட்டுமன்று. கற்பித்தல், ஆய்வு, விமர்சனம், செய்தி அறிக்கையிடல் ஆகியவற்றுக்கான நியாயமான பயன்பாட்டைச் சட்டம் அனுமதிக்கின்றது. மாணவர் ஒரு நூலின் சில பக்கங்களைப் பிரதி எடுப்பதும், முழு நூலையும் பிரதி செய்து விற்பதும் ஒன்றல்ல.

இப்போது செயற்கை நுண்ணறிவு புதிய சிக்கல்களைக் கொண்டுவந்துள்ளது. நமது சட்டத்தின்படி படைப்பாளி என்பவர் ஓர் இயற்கை மனிதரே. இயந்திரம் படைப்பாளியாக முடியாது. ஆனால் மறைந்தவரின் குரலை இயந்திரத்தால் மீளப் பாடவைக்க முடிகின்றது. 2024இல் 'லால் சலாம்' திரைப்படத்திற்காக மறைந்த பாடகர்களான சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரஹ்மான் இவ்வாறு பயன்படுத்தினார். அவர்களது குடும்பத்தினரின் அனுமதியைப் பெற்று, ஊதியமும் வழங்கியதாக அவர் தெரிவித்தார். தொழில்நுட்பம் எவ்வளவு வளர்ந்தாலும், உரியவரிடம் கேட்டு எடுப்பது இயலாத காரியமன்று என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

ஆகவே, கலை மன்றங்களும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்களும் நிகழ்ச்சிக்கு முன்னரே கலைஞருடன் ஒரு பக்க உடன்படிக்கையையாவது எழுதிக்கொள்ள வேண்டும். பதிவேற்றுவோர் அனுமதி பெற்று, பெயரையும் குறிப்பிட வேண்டும். தேசிய புலமைச் சொத்து அலுவலகமும் சட்ட உதவி ஆணைக்குழுவும் மலையக நகரங்களுக்கு வந்து, தமிழ் மொழியில் விளக்கமளிக்க முன்வர வேண்டும். கலைஞனைக் கைதட்டிப் பாராட்டும் சமூகம், அவனது உழைப்புக்குரிய பங்கையும் கொடுக்கப் பழக வேண்டும் என்பதே நமது வேண்டுகோளாகும்.