தீப்பொறி தரும் சுருள்



நீங்கள் வானொலிக்குச் செவிசாய்த்திருக்கும் வேளையில் பக்கத்து ஒழுங்கையால் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் போனால், பேச்சினூடே 'கரகர' என்றோர் ஓசை புகுவதைக் கேட்டிருப்பீர்கள். அது இயந்திரத்தின் இரைச்சலன்று. அதனுள்ளே மின்பொறி தோன்றுந்தோறும் எழும் வானொலி அலையே அவ்வாறு ஒலிக்கிறது. அப்பொறியைப் பிறப்பிக்கும் உறுப்பைத் திருத்துநர்கள் 'கொயில்' என்பர். பாடநூல்கள் எரிபற்றற் சுருள் என்னும். அதனை எங்கே, எவ்வாறு பொருத்துவது என்பதே இன்றைய பொருள்.

இரும்பு அகணி ஒன்றின்மேல் தடித்த செப்புக்கம்பி சில நூறு சுற்றும், மெல்லிய கம்பி பல்லாயிரம் சுற்றும் சுற்றப்பட்டதே இச்சுருள். தடித்த கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரெனத் துண்டித்தால், மெல்லிய கம்பியில் பதினாயிரம் வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் எழுகிறது. இதற்கு அடிப்படையான மின்தூண்டலை மைக்கேல் பரடே 1831இல் கண்டறிந்தார். அவ்வழுத்தமே பிளக்கின் முனையில் பொறியாகப் பாய்ந்து எரிபொருளைப் பற்றவைக்கிறது. நிமிடத்துக்கு 3000 முறை சுழன்று, சுற்றுக்கொரு பொறி பெறும் சிறிய இயந்திரத்துக்கு வினாடிக்கு 50 பொறிகள் வேண்டும்.

வன்னி மக்களுக்கு இப்பொறியின் அருமை நன்கு தெரியும். 1990களில் எரிபொருட் தடை நிலவியபோது, இங்கு மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு உதைத்துக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். எளிதில் ஆவியாகாத அவ்வெண்ணெய் பிளக்கை நனைத்துவிடும்; பொறி மெலிந்தால் வண்டி நின்றுவிடும்.

கிளிநொச்சிப் பகுதியில் என் அயலவர் ஒருவர் மிளகாய்த் தோட்டம் செய்தார். செடி பூத்திருந்த பருவத்தில், அவருடைய நீரிறைக்கும் இயந்திரம் நாள்தோறும் அரைமணி நேரம் ஓடி நின்றுவிடும். ஆறியபின் மீண்டும் ஓடும். பிளக்கை மாற்றினார்; காபரேற்றரைக் கழுவினார்; பயனில்லை. பூவும் பிஞ்சும் உதிரத் தொடங்கின. வயது முதிர்ந்த திருத்துநர் ஒருவர் வந்து, இயந்திரத்தைத் தொடாமல் சுற்றிப் பார்த்தார். பழுதான பழைய கொயிலுக்குப் பதிலாக வாங்கிய ஒன்றை, இடவசதி கருதிப் புகைக்குழாயின் அருகே கட்டியிருந்தனர். அவர் அதனைக் கழற்றிக் காற்றுப்படும் பக்கத்தில் பூட்டினார். அன்று மாலைவரை நீர் பாய்ந்தது.

காரணம் யாது? செம்பு ஐம்பது பாகை கூடுதலாகச் சூடேறினால் அதன் மின்தடை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உயரும்; மின்னோட்டம் குறையும்; பொறி மெலியும். கம்பியின் காப்புப் பூச்சும் வெப்பத்தால் நலியும். சுருளில் குற்றமில்லை, அதற்கு அளித்த இடத்திலேயே குற்றம்.

தோட்டத்தில் இயந்திரம் நின்றால் செடி வாடும். ஆகாயத்தில் நின்றால்? 1903இல் பறந்த ரைற் சகோதரரின் இயந்திரம் அவர்தம் சைக்கிள் கடைப் பட்டறையிலேயே உருவானது. இன்றும் பல நாடுகளில் ஆர்வலர்கள் வீட்டிலேயே சிறு விமானம் அமைத்து, வொக்ஸ்வாகன் கார் இயந்திரத்தை அதற்கேற்ப மாற்றிப் பூட்டுகின்றனர். அவர்கள் முன்னும் இதே வினா நிற்கிறது: கொயிலை எங்கே வைப்பது?

இயந்திரத்தின் மேலேயே வைத்தால் உயரழுத்தக் கம்பி குறுகும். ஆனால் வெப்பமும் அதிர்வும் தாக்கும். இயந்திரத்துக்கும் விமானி அமரும் அறைக்கும் இடையேயுள்ள தகட்டுச் சுவரில் வைத்தால் அவை குறையும்; கம்பியோ நீளும். இயந்திரம் ஆடும்போது அது இழுபடாதவாறு சற்றுத் தளர்வும் விடவேண்டும். எங்கே வைப்பினும், ஒற்றை ஆணியில் தொங்கவிடலாகாது. மெல்லிய அலுமினியப் பட்டை ஓயாத அதிர்வால் வெடித்துவிடும். அதிர்வைத் தணிக்க றப்பர் வைத்தால், அது மின்னைக் கடத்தாதாகையால், சுருளின் உடல்வழியே புவித்தொடுப்புப் பெறும் அமைப்புகளில் தனிக்கம்பி தேவை.

இவை அனைத்தினும் முதன்மையான விதி ஒன்றுண்டு. சிறு விமானங்களின் பெற்றோல் இயந்திரங்களில், வழக்கமாக ஒவ்வோர் உருளைக்கும் இரண்டு பிளக்குகள். அவற்றுக்குத் தனித்தனியே இரண்டு மின்பொறி அமைப்புகள். விமானி மேலெழுமுன் ஒன்றை நிறுத்தி மற்றதைச் சோதிப்பார். ஆனால் அவ்விரண்டின் கொயில்களையும் ஒரே பட்டையில் பூட்டி, ஒரே கம்பியால் மின்னூட்டினால், பட்டை முறியும்போதோ கம்பி அறும்போதோ இரண்டும் ஒருங்கே போகும். இரண்டு உண்டு என்ற நம்பிக்கை அங்கே வெறும் மயக்கமே.

ஆகவே, நேயர்களே, உங்கள் இயந்திரம் சூட்டில் நின்று குளிரில் ஓடுமாயின், புதிய கொயில் வாங்கக் கடைக்கு ஓடுமுன், பழையது எங்கே அமர்ந்திருக்கிறது என்று ஒருகணம் பாருங்கள். நல்ல பொருளை வாங்குவது பணத்தின் செயல். அதற்குரிய இடத்தில் வைப்பதே அறிவின் செயல்.