வேலியோரம் ஒரு விஷ அழகி!

தாராபுரத்திலிருந்து மூலனூர் வழியா கரூர் போற பஸ்ஸில் ஜன்னல் ஸீட் கிடைச்சிருக்கா? அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழை சீஸனா? அப்போ செல்போனைக் கொஞ்ச நேரம் பையில் போடுங்க பாஸ். ரோட்டோரக் கொறங்காடுகளைப் பாருங்க. கொழுக்கட்டைப் புல்லும் வேலா மரமுமா, காங்கேயம் மாடுகள் மேயுற மேய்ச்சல் காடு. சுத்திலும் கிளுவை முள்வேலி. அந்த வேலி மேல சில இடங்கள்ல நெருப்புப் பத்தின மாதிரி சிவப்பா தெரியுதே... அதுதான் செங்காந்தள்!

தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் வரிசையா அடுக்குற பூக்களில் முதல் பூ. ஜிம்பாப்வே நாட்டுக்கும் இதுதான் தேசிய மலர். ஆனா, நம்ம ஊர்ப் பெரியவங்களைக் கேட்டா 'கண்வலிக் கிழங்குப் பூ'னு சிம்பிளா முடிச்சுடுவாங்க. மண்ணுக்குள்ள கிழங்கு கலப்பை மாதிரி வளைஞ்சிருக்கறதால 'கலப்பைக் கிழங்கு'ன்னும் பேர் உண்டு. கோடை முழுக்க அந்தக் கிழங்கு மண்ணுக்குள்ள தூங்கும். மழை விழுந்ததும் முளைக்கும். இலையோட நுனியே சுருண்டு கொக்கியாகி, வேலியைப் பிடிச்சு மேலே ஏறும்.

பூ பண்ற மேஜிக் தனி! பச்சையா விரியும், மஞ்சளாகும், கடைசியில் முழுச் சிவப்பு. ஆறு இதழும் மேல்நோக்கி மடங்கிக்கும். சூல்தண்டு மட்டும் அடியிலேயே வளைஞ்சு, மகரந்தப் பைகளை விட்டு ஒதுங்கி நிக்கும். சொந்த மகரந்தம் தன் மேலேயே விழக்கூடாதுன்னு ஒரு ஏற்பாடு. வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வந்துதான் மகரந்தம் சேர்க்கணும்.

சரி, வேலியில் ஒண்ணு ரெண்டு பூன்னா பூச்சிகள் பார்த்துக்கும். தோட்டம் முழுக்கன்னா? மூலனூர் பக்கம் விவசாயிகள் பந்தல் போட்டு இதைப் பயிராவே வளர்க்கறாங்க. பூக்கிற சீஸன்ல காலையிலேயே ஆட்கள் இறங்கி, ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் கையாலேயே தடவுறாங்க. வண்ணத்துப்பூச்சி வேலைக்குக் கூலி ஆள்! அப்போதான் காய் நல்லாப் பிடிக்கும்.

இவ்வளவு பாடு எதுக்கு? விதையில் இருக்கிற கோல்ச்சிசின் என்ற மருந்துப் பொருளுக்காக. 'கௌட்' மூட்டுவலிக்கு ரொம்ப காலமா இதைக் கொடுக்கறாங்க. 2023-ல் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்கும் குறைந்த அளவில் அனுமதி கிடைச்சுது. செல் பிரியறதைத் தடுக்கறதுதான் இதன் வேலை. அந்தக் குணத்தை வெச்சுத்தான் விதையில்லாத தர்பூசணியை உருவாக்கினாங்க. பாட்டனி ஸ்டூடன்ட்ஸ், நோட் பண்ணிக்கங்க!

மருந்தாகிற அதே பொருள்தான் விஷமும். கிழங்கு, விதை, இலை எல்லாமே ஆபத்து. ஏதோ சாப்பிடுற கிழங்குன்னு நினைச்சு அவிச்சுத் தின்னு இறந்தவங்க உண்டு. பிழைச்சவங்களுக்கும் சில நாளில் முடி கொட்டும். அதனால 'சும்மா டேஸ்ட் பார்க்கலாம்' விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

விவசாயிக்கு வேறொரு கவலை. இது பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போற சரக்கு. உள்ளூர்ச் சந்தையில் கூறு கட்டி விற்க முடியாது. விதை கிலோ ஒரு வருஷம் ஆயிரக்கணக்கில் ஏறும், இன்னொரு வருஷம் சடார்னு சரியும். அரசு ஒரு குறைந்தபட்ச விலை நிர்ணயிக்கணும்னு ரொம்ப நாளா கேட்டுட்டிருக்காங்க.

இதில் நமக்கு என்ன வேலைன்னு கேக்கறீங்களா? இருக்கு! தோட்டத்துப் பந்தலுக்கு வர்றதுக்கு முன்னாடி, இந்தக் கொடி யாரும் தண்ணி ஊத்தாம கிளுவை வேலியில் தானா வளர்ந்ததுதான். உயிர்வேலியை அழிச்சுட்டுக் கம்பிவேலி போட்டா, இந்தக் கொடிக்கு ஏற இடமில்லை. கொறங்காடு பிளாட் ஆச்சுன்னா, கிழங்கு தூங்க மண்ணே இல்லை.

அடுத்த மழைக்கு கேமராவோட கிளம்புங்க. பறிக்காதீங்க, கிழங்கைத் தோண்டாதீங்க. எந்த வேலியில் எத்தனை கொடின்னு எண்ணி, தேதி போட்டு டைரியில் எழுதுங்க. மூணு வருஷம் எழுதினா, அது உங்க ஊர் வேலியோட மெடிக்கல் ரிப்போர்ட்!