குட்டியானைக்குப் புது சைலன்சரா? கழற்றும் முன் இதைப் பாருங்க!

அதிகாலை நாலு மணி. தெருமுனையில் ஒரு லோடு வண்டி ஸ்டார்ட் ஆகிறது. 'டபடபடப'வென்று ஜன்னல் கண்ணாடி அதிர, தூளியில் தூங்கும் குழந்தை வீறிட்டு அழுகிறது. "இந்த ஆளு சைலன்சரை மாத்தவே மாட்டானா?" என்று திட்டாத தெரு உண்டா? வண்டிக்காரருக்கும் மாற்ற ஆசைதான். எதை மாட்டுவது, எஃப்.சி-யில் பிரச்னை வருமா என்கிற குழப்பத்தில் நாளைத் தள்ளிக்கொண்டிருப்பார்.

லோடு வண்டிகளின் சைலன்சர் சீக்கிரம் ஓட்டை விழ ஒரு காரணம் உண்டு. எரிபொருள் எரியும்போது புகையோடு நீராவியும் வரும். நீண்ட தூரம் ஓடினால் சைலன்சர் நன்றாகச் சூடாகி ஈரம் வெளியேறிவிடும். மார்க்கெட்டுக்கும் கடைக்கும் இடையே மூன்று, நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில், சூடேறும் முன்பே இன்ஜின் நின்றுவிடும். ஈரம் உள்ளேயே தங்கி தகரத்தை அரிக்கும். மீன் லோடு அடிக்கிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஐஸ் உருகி வழியும் உப்புத்தண்ணீர் வெளியிலிருந்தும் வேலையைக் காட்டும்.

சரி, எதை மாட்டலாம்? கம்பெனி ஒரிஜினல், அதே அளவில் வெளியில் தயாராகும் சைலன்சர், அப்புறம் 'உறுமல்' சத்தம் தரும் ஸ்போர்ட்ஸ் டைப் என்று கடையில் மூன்று வகை காட்டுவார்கள். மூன்றாவதன் பக்கம் போகவே வேண்டாம் என்பேன். "புகை போற வழியைப் பெருசாக்கினா வண்டி பறக்கும்ணே" என்பது பட்டறைப் பக்கம் அடிக்கடி காதில் விழும் வசனம். 2005-ல் வந்த முதல் டாடா ஏஸ் 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைசக்தி. அதில் எந்தக் குழாயை மாட்டினால் பறக்கும்? இன்றைய டர்போ டீசல் பிக்கப்களிலும் கடைசிக் குழாயை மட்டும் மாற்றுவதால் கிடைக்கும் கூடுதல் இழுவை, பாதி லோடு ஏறினாலே தெரியாமல் போய்விடும். சத்தம் மட்டும்தான் மிச்சம்.

பி.எஸ்-6 வண்டியா? கூடுதல் கவனம்!

2020 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய வண்டி என்றால், சைலன்சர் வரிசை வெறும் குழாய் அல்ல. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அதில் இருக்கும். பல டீசல் வண்டிகளில் கரித்தூளைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப் ஃபில்டரும், நடுநடுவே சென்சார்களும் இருக்கும். ஃபில்டரில் சேரும் கரியை, வண்டியே 600 டிகிரிக்கு அருகில் சூடாக்கி எரித்துக்கொள்ளும். 'அடைச்சுக்கிச்சு, வெட்டிப் போட்டுடலாம்' என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அதை எடுப்பது சட்டவிரோதம். டேஷ்போர்டில் இன்ஜின் லைட் எரியும், இன்ஜின் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளவும் கூடும். கன்வெர்ட்டருக்கும் ஃபில்டருக்கும் பின்னால் இருக்கும் பகுதியை மட்டும் மாற்றுவதே பாதுகாப்பு.

கேபினில் தூங்குபவர்களுக்கு...

சத்தத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கேபினுக்கு அடியில் இருக்கும் ஜாயின்ட்டில் கேஸ்கெட் சரியாக உட்காராமல் புகை கசிந்தால், அது உள்ளே ஏறும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல், சி.என்.ஜி வண்டிகளில் இது அதிகம். டீசலில் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. லோடு இறங்கக் காத்திருக்கும்போது, இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி போட்டுக்கொண்டு கண்ணயரும் டிரைவர்கள் எத்தனை பேர்! தலைவலி, குமட்டல், கண் சொக்கல் வந்தால் 'அலைச்சல்' என்று விட்டுவிடாமல் உடனே வெளியே இறங்கிக் காற்றோட்டமாக நில்லுங்கள். கசிவைப் பார்க்கும்வரை அந்த கேபினில் தூங்க வேண்டாம்.

அதனால் வேலை நடக்கும்போது பக்கத்திலேயே இருங்கள். சைலன்சர் ஆறியிருக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின இரவே துருநீக்கி ஸ்பிரே அடித்துவைத்தால் உடையாமல் கழலும். பழைய கேஸ்கெட்டைத் திரும்ப மாட்ட விடாதீர்கள். நைந்துபோன ரப்பர் ஹேங்கரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். வெல்டிங் வைப்பதாக இருந்தால் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இ.சி.எம் போய்விடலாம். எல்லா ஜாயின்ட்டையும் லேசாக மாட்டி, குழாய் நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் முன்னாலிருந்து பின்னோக்கி இறுக்க வேண்டும்.

குழாய் பிரேக் பைப், ஒயரிங், ஸ்டெப்னி எதிலும் உரசக் கூடாது. காலி வண்டியில் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். லோடு ஏறினால் சேஸி இறங்கும், ஆக்ஸிலுக்கும் குழாய்க்கும் இடையிலான இடைவெளி குறையும். முனை, பாடியைத் தாண்டி வெளியே வருகிறதா என்றும் பாருங்கள். தொங்கும் தார்ப்பாயிலோ வைக்கோலிலோ சூடான புகை படுவது வம்பு. கடைசியாக, இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும், ஜாயின்ட் சூடாகும் முன் சோப்புத் தண்ணீர் தடவச் சொல்லுங்கள். குமிழ் வந்தால் கசிவு. 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை போல்ட்டை இறுக்கிவிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? சத்தம், புகை வரம்பை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். லைசென்ஸும் 3 மாதம் பறிபோகும். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் தனி. 8 வருடத்தைத் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி இருப்பதால், உறுமும் சைலன்சரை ஒளித்துவைக்கவும் முடியாது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். கன்வெர்ட்டரே கெட்டுப்போய் மாற்ற வேண்டி வந்தால், "பழசை நானே எடுத்துக்கிறேன்ணே" என்று பட்டறையில் பாசமாகக் கேட்கலாம். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் உண்டு. பழைய இரும்புக் கணக்கில் கொடுத்துவிடாமல், விலை விசாரித்துக் கழித்துக்கொள்ளுங்கள். புதியதற்கான பில்லை ஆர்.சி புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள், எஃப்.சி-யில் கேட்டால் காட்டலாம்.